எழுதா விதியும் எழுதிய விதியும்: போக்கர் ஆட்ட வகைகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டொன்றின் விதி என்பது அதனை ஆடுவோர் தமக்குள்ளே செய்துகொள்ளும் உடன்பாடாகும். ஒருவரையொருவர் நன்கறிந்தோர் ஆடும்வரை அவ்வுடன்பாடு எழுதப்படவேண்டியதில்லை. அது கண்டும் கேட்டும் ஆடியும் கற்றுக்கொள்ளப்படும். முன்னறிமுகமில்லாதோர் ஒரு மேசையைச் சுற்றி அமரும்போதும், அம்மேசைமீது பணம் வைக்கப்படும்போதுமே ‘இவ்விடத்து விதி யாது?’ என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை அறியாதவன் தன் அறியாமைக்குப் பணத்தால் விலை கொடுக்கிறான்.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் ஆட்டங்களுள் போக்கர் முதன்மையானது. போக்கர் என்பது ஓர் ஆட்டத்தின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். சீட்டுச் சேர்க்கைகளின் தரவரிசையும், கையிலுள்ளதை மறைத்துப் பந்தயம் கட்டும் முறையும் அக்குடும்பத்துக்குப் பொதுவானவை. பகிரப்படும் சீட்டுக்களின் தொகை, மறைக்கப்படுவன, காட்டப்படுவன, பந்தயச் சுற்றுக்களின் எண்ணிக்கை ஆகியன வகைக்கு வகை வேறுபடும். இவ்வகைகள் எச்சூழ்நிலைகளில் தோன்றின, அவற்றின் விதிகளை மக்கள் எவ்வாறு கற்றனர், விதியை வகுக்கும் உரிமை யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பன இங்கு நோக்கப்படுகின்றன.

இருபது சீட்டு ஆட்டம்

போக்கரின் தோற்றுவாய் பற்றிப் பல கருத்துக்கள் கூறப்பட்டுள்ளன. பாரசீகத்து ‘ஆஸ் நாஸ்’ என்னும் ஆட்டமே அதன் மூலம் என்பது நெடுங்காலம் நிலவிய கருத்தாகும். ஆயினும் அவ்வாட்டம் பற்றிய விரிவான விவரணங்கள் போக்கருக்குப் பிற்பட்ட காலத்தனவாகவே கிடைப்பதால் இக்கருத்து வலுவிழந்துள்ளது. பிரான்சியரின் ‘போக்’, ஜேர்மானியரின் ‘பொக்’, ஆங்கிலேயரின் ‘பிராக்’ ஆகிய ஆட்டங்களுடனேயே போக்கருக்கு நெருங்கிய உறவு உண்டு எனக் கருதப்படுகின்றது. பிரான்சிய ஆட்டத்தின் பெயரே ஆங்கில நாவிற் போக்கர் எனத் திரிந்தது என்பர்.

இக்கருத்துக்கு வரலாற்றுச் சூழலும் அரண்செய்கின்றது. பிரான்சியர் வசமிருந்த லூயிசியானா 1803 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. பிரான்சியப் பழக்கவழக்கங்கள் ஊறியிருந்த நியூ ஓர்லியன்ஸ் நகரை 1812 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதலாவது நீராவிக்கப்பல் வந்தடைந்தது. அதன்பின் மிசிசிப்பி, ஒஹாயோ ஆறுகளின் வழியே பருத்தி வணிகரும் தோட்டத்துரைமாரும் நிலந்தேடிச் செல்வோரும் பல நாட்கள் ஒரே கப்பலிற் பயணஞ்செய்யலாயினர். கையிற் பணமும் போக்கவேண்டிய பொழுதும் உடைய, ஒருவரையொருவர் முன்பின் அறியாத இக்கூட்டமே போக்கரை வளர்த்தது. ஜோசப் கவெல் என்னும் ஆங்கில நடிகர் 1829 ஆம் ஆண்டளவில் இத்தகைய கப்பலொன்றிலே தாம் கண்ட ஆட்டத்தை 1844 இல் வெளிவந்த தமது நினைவு நூலில் விவரித்துள்ளார்.

அக்காலத்து ஆட்டம் மிக எளிமையானது. ஆசு, ராசா, ராணி, ஜாக், பத்து என்னும் ஐந்து தரங்களில் நான்கு நான்காக இருபது சீட்டுக்களே அதிற் பயன்பட்டன. நால்வர் ஆடினர், ஒவ்வொருவருக்கும் ஐந்து சீட்டுக்கள் பகிரப்பட்டன, கட்டில் எதுவும் எஞ்சவில்லை. ஒரே ஒரு பந்தயச் சுற்று நிகழ்ந்தது. சீட்டை மாற்றும் வாய்ப்பு எவருக்கும் இருக்கவில்லை. ஒரு சோடி, இரு சோடி, மூன்றொத்த சீட்டு, மூன்றுஞ் சோடியும், நான்கொத்த சீட்டு என்ற வரிசையை அறிந்தவன் ஆட்டத்தின் விதியை அறிந்தவனானான். கால்மணி நேரத்தில் எவரும் கற்கத்தக்க இவ்வெளிமையே ஆட்டத்தின் கவர்ச்சியாகவும் ஆபத்தாகவும் அமைந்தது. விதியைக் கற்றவர், ஆட்டத்தையே கற்றுவிட்டதாக எண்ணினர். சீட்டைக் கலைக்கும் கையிலும் எதிரியின் முகத்திலும் மறைந்திருந்த மற்றொரு கல்வியை அறிந்தவர்கள் கப்பல்தோறும் காத்திருந்தனர். இத்தொழிற் சூதாடிகள்மீது கரையோர நகரங்களில் வெறுப்பு வளர்ந்தது. 1835 ஜூலையில் மிசிசிப்பிக் கரையிலுள்ள விக்ஸ்பேர்க் நகரில் ஐந்து சூதாடிகள் நீதி விசாரணை எதுவுமின்றி ஊரவராலே தூக்கிலிடப்பட்டமை அவ்வெறுப்பின் உச்சத்தைக் காட்டுகின்றது.

ஐம்பத்திரண்டு சீட்டும் புதிய விதிகளும்

ஆட்டம் ஆற்றங்கரையை விட்டு உள்நாட்டுக்குப் பரவியபோது நால்வர் என்னும் வரையறை இடர்ப்பாடாயிற்று. 1830 களிலும் 1840 களிலும் ஐம்பத்திரண்டு சீட்டுடைய முழுக்கட்டு படிப்படியாக வழக்குக்கு வந்தது. மேசையில் அமர்வோர் தொகை பெருகியது. கட்டில் எஞ்சிய சீட்டுக்களைக் கொண்டு வேண்டாதவற்றை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. ‘டிரோ’ எனப்படும் மாற்றுச் சீட்டாட்டம் இவ்வாறே பிறந்தது. சீட்டை மாற்றுவதற்கு முன்னொன்று, பின்னொன்று எனப் பந்தயச் சுற்று இரண்டாயிற்று. எதிரி எத்தனை சீட்டுக்களை மாற்றுகிறான் என்பதிலிருந்து அவன் கையை ஊகிக்கும் புதியதொரு கலையும் உடன்தோன்றியது.

சீட்டுத்தொகை மாறியதன் விளைவு இத்துடன் நிற்கவில்லை. ஐந்து சீட்டுக்களும் ஒரே சின்னமுடையனவாக அமையும் ‘ஓரினம்’ இருபது சீட்டுக்கட்டிற் பெறத்தக்க 15,504 கைகளுள் நான்கே நான்கிற்குத்தான் வாய்க்கும். முழுக்கட்டிற் பெறத்தக்க கைகளின் தொகை 25,98,960. அவற்றுள் ஓரினத் தொடர்களை நீக்கினாலும் 5,108 ஓரினக் கைகள் எஞ்சுகின்றன. எனவே ஓரினம் தனக்கென ஓரிடத்தைத் தரவரிசையிற் பெற்றது. அடுத்தடுத்த ஐந்து தரங்களைக் கொண்ட ‘தொடர்’ அத்துணை எளிதாக ஏற்கப்படவில்லை. சிலவிடங்களில் அது கணக்கிலேயே எடுக்கப்படவில்லை. வேறு சிலவிடங்களில் மூன்றொத்த சீட்டுக்குக் கீழ்ப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. தொடருக்கு 10,200 வாய்ப்புக்களும் மூன்றொத்த சீட்டுக்கு 54,912 வாய்ப்புக்களும் உள்ளமையாற் கணிதம் தொடரின் பக்கமே நின்றது. எனினும் மேசையின் வழக்கம் கணிதத்துக்கு உடனடியாகப் பணியவில்லை. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரின்போது பல மாநிலத்துப் படைவீரரும் ஒரே பாசறையில் ஆடியமை வட்டார வழக்குகள் பல ஒன்றோடொன்று கலப்பதற்கு வழிசெய்தது.

ஓரினத் தொடர் தரவரிசையின் முடியில் அமர்ந்தமைக்கு அறவியற் காரணமும் கூறப்பட்டது. பழைய ஆட்டத்தில் நான்கு ஆசுகளைக் கொண்ட கையை எதனாலும் வெல்லமுடியாது. நான்கு ராசாக்களுடன் ஓர் ஆசும் வைத்திருப்பவனும் அவ்வாறே வெல்லற்கரியவன். தன் வெற்றி உறுதி என அறிந்துகொண்டே பிறனைப் பந்தயத்துக்கு இழுப்பது பண்புடையோர்க்கு அடுக்குமா என்னும் வினா எழுந்தது. ஓரினத் தொடர் நான்கொத்த சீட்டை வெல்லும் எனக் கொண்டால், நான்கு ஆசுகளை வைத்திருப்பவனும் சிறிதளவேனும் ஐயத்துடனேயே பந்தயங்கட்டுவான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்காலத்து எழுத்தாளர் முன்வைத்த இவ்வாதம், பணத்துக்கு ஆடும் ஆட்டத்திலும் நேர்மை பற்றிய கருத்து விதியை உருவாக்கியமைக்குச் சான்றாகும்.

நூலேறிய விதி

சீட்டாட்ட விதி என்றதும் மேலைநாட்டார் ஹொய்ல் என்னும் பெயரையே நினைப்பர். எட்மண்ட் ஹொய்ல் என்னும் ஆங்கிலேயர் 1742 ஆம் ஆண்டில் ‘விஸ்ட்’ ஆட்டம் பற்றிச் சிறுநூலொன்றை வெளியிட்டார். 1769 இல் அவர் மறைந்தபின்னர் சீட்டாட்ட நூல்கள் பலவும் அவர் பெயரையே தாங்கி வெளிவந்தன. அவர் மறைந்தபோது போக்கர் பிறந்திருக்கவேயில்லை. ஆயினும் 1840 களிலிருந்து அமெரிக்காவில் வெளியான ‘ஹொய்ல்’ நூல்களிற் போக்கர் இடம்பெறத் தொடங்கியது. கற்போருக்கு வேண்டப்பட்டது ஆசிரியரின் அறிவு மட்டுமன்று. பூசல் நேர்ந்தவிடத்து இரு சாராரும் ஏற்கத்தக்க ஓர் அதிகாரமும் வேண்டப்பட்டது. மறைந்த ஒருவரின் பெயர் அத்தேவையை நிறைவுசெய்தது.

போக்கரை விளக்கிய முற்பட்ட நூல்களுள் ஒன்று சூதாட்டத்தைக் கண்டித்து எழுதப்பட்டமை கருதத்தக்கது. தொழிற் சூதாடியாக வாழ்ந்து பின்னர் அத்தொழிலைத் துறந்த ஜோனதன் கிறீன் 1843 இல் வெளியிட்ட நூலில் இருபது சீட்டு ஆட்டத்தின் விதியையும் அதில் நிகழும் வஞ்சனைகளையும் ஒருங்கே விளக்கினார். விதியை அறிவித்தல் அவருக்கு எச்சரித்தலாகவே அமைந்தது.

இதற்கு மாறானதொரு நிகழ்ச்சி இங்கிலாந்தில் இடம்பெற்றது. 1871 முதல் 1876 வரை பிரித்தானியாவில் அமெரிக்கத் தூதுவராகப் பணியாற்றிய ரொபேர்ட் ஷெங்க், உயர்குடி விருந்தொன்றிலே கேட்டுக்கொள்ளப்பட்டதற்கிணங்க மாற்றுச் சீட்டாட்டத்தின் விதிகளை எழுதிக்கொடுத்தார். அவை தனிப்பட்ட முறையில் அச்சிடப்பட்டு வழங்கப்பட்டன. செய்தி அமெரிக்காவை எட்டியபோது, நாட்டின் தூதுவர் சூதாட்ட ஆசிரியரானார் என்னும் கண்டனம் எழுந்தது. கப்பற்றளத்தில் வாய்மொழியாக வழங்கிய விதி ஒரு தலைமுறைக்குள் மாளிகையின் அச்சுத்தாளை அடைந்துவிட்டது.

மறைவும் வெளிப்பாடும்

உள்நாட்டுப் போர்க் காலத்தை அண்டி ‘ஸ்ரட்’ எனப்படும் திறந்த சீட்டாட்டம் பரவியது. ஐந்து சீட்டு ஸ்ரட்டில் முதற்சீட்டு மட்டுமே மறைவாகப் பகிரப்படும். ஏனைய நான்கும் யாவரும் காணத் திறந்துவைக்கப்படும். ஏழு சீட்டு வகையில் இரண்டு மறைவாகவும் நான்கு வெளிப்படையாகவும் ஏழாவது மீண்டும் மறைவாகவும் வரும். முன்னைய வகையிற் பந்தயச் சுற்று நான்கு, பின்னையதில் ஐந்து. மாற்றுச் சீட்டாட்டத்தில் எதிரியின் நடத்தையே சான்றாக, இங்கே கண்முன் கிடக்கும் சீட்டும் சான்றாயிற்று. பிறர் விலகும்போது மறையும் சீட்டுக்களை நினைவில் இருத்துதல் திறமையின் பெரும்பகுதியாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ரெக்சாஸ் மாநிலத்திற் பொதுச்சீட்டு முறையொன்று உருவாகியது. அங்குள்ள ரொப்ஸ்ரவுண் என்னும் ஊரே அதன் பிறப்பிடம் என அம்மாநிலச் சட்டமன்றம் 2007 இல் அறிவித்தது. ரெக்சாஸ் ஹோல்டெம் என வழங்கும் இவ்வாட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுக்களே உரியன. மேசை நடுவே முதலில் மூன்று, பின்னர் ஒன்று, பின்னர் மற்றொன்று என ஐந்து சீட்டுக்கள் அனைவர்க்கும் பொதுவாகத் திறக்கப்படும். ஏழு சீட்டு ஸ்ரட்டை எண்மர் இறுதிவரை ஆடினால் ஐம்பத்தாறு சீட்டுக்கள் வேண்டும், கட்டோ போதாது. ஹோல்டெமிலோ, பொதுச்சீட்டுக்கள் ஐந்தையும் ஒதுக்கிவைக்கும் மூன்றையும் கழித்தபின்னரும், கணக்களவில் இருபத்திருவருக்குப் பகிரலாம். சூதாட்ட மனைகள் இவ்வாட்டத்தை விரும்பியமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். 1960 களில் லாஸ் வேகாஸ் நகருக்கு வந்த இவ்வாட்டம், 1970 இல் அந்நகரிலே தொடங்கிய உலகப் போக்கர் போட்டித்தொடரின் முதன்மை ஆட்டமாக அடுத்த ஆண்டிலிருந்து நிலைபெற்றது.

வகைகள் பெருகியபோது, ஒன்றிற் கற்ற விதி மற்றொன்றில் ஆடுவோனைக் காட்டிக்கொடுக்கும் நிலையும் தோன்றியது. 1980 களில் லாஸ் வேகாஸிற் பரவிய ஒமாஹா என்னும் வகையில் ஒருவருக்கு நான்கு சீட்டுக்கள் வழங்கப்படும். ஆயின் அவற்றுள் இரண்டை மட்டுமே, கூடாமலும் குறையாமலும், பொதுச்சீட்டு மூன்றுடன் சேர்த்தல்வேண்டும். நான்கு ஆசுகளையும் பெற்றவன் ஹோல்டெம் நினைவில் மகிழக்கூடும். உண்மையில் அவன் கையில் இருப்பது ஒரு சோடியே. எஞ்சிய இரு ஆசுகளும் அவனுக்குப் பயன்படா, அவன் கைக்கு வலிமை சேர்க்க வேறு ஆசும் கட்டில் இல்லை.

மிகத் தாழ்ந்த கையே வெல்லும் ‘லோபோல்’ வகைகளில் இம்முரண் மேலும் தெளிவாகும். ஆசு, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்னும், ஒரே சின்னமல்லாத ஐந்து சீட்டுக்களை ஒருவன் வைத்திருப்பதாகக் கொள்வோம். வழமையான போக்கரில் இது ஒரு தொடர். ஆசைத் தாழ்ந்ததாகக் கொண்டு தொடரையும் ஓரினத்தையும் புறக்கணிக்கும் கலிபோர்ணிய வழக்கில் இதுவே வெல்லற்கரிய கை. ஆசை எப்போதும் உயர்ந்ததாகவே கொள்ளும் கன்சாஸ் நகர வழக்கிலோ ஏழு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு என்பதே சிறந்தது. ஆசுடைய கை இழிவானது. சீட்டுக்கள் ஐந்தும் மாறவில்லை. அவை சிறந்தனவா இழிந்தனவா என்பதை விதியே தீர்மானிக்கின்றது. அண்மைக்காலத்திற் பரவிய முப்பத்தாறு சீட்டு ஹோல்டெமும் இவ்வுண்மையை வலியுறுத்தும். அக்கட்டில் ஓரினக் கைகள் 480 ஆகவும், மூன்றுஞ் சோடியும் உள்ள கைகள் 1,728 ஆகவும் அமைவதால், முழுக்கட்டில் நிலவும் வரிசை தலைகீழாகி ஓரினம் உயர்ந்ததாகின்றது.

கணிதமும் கணினியும்

விதியைக் கற்பதற்கும் ஆடக் கற்பதற்கும் இடையிலான தொலைவைக் கணிதம் அளக்க முற்பட்டது. ஹங்கேரியிற் பிறந்த கணித அறிஞர் ஜோன் வொன் நோய்மன் 1928 இல் விளையாட்டுக்கள் பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார். 1944 இல் பொருளியலாளர் ஒஸ்கார் மோர்கென்ஸ்ரேனுடன் இணைந்து எழுதிய நூலிற் போக்கரின் எளிய வடிவமொன்றை விரிவாக ஆராய்ந்தார். வலிமையற்ற கையை வலியதாகக் காட்டிப் பந்தயங்கட்டும் பாசாங்கு, ஆடுவோனின் குணக்கேட்டிலிருந்து பிறப்பதன்று என்பதும், சிறந்த ஆட்டமுறையின் தவிர்க்கவியலாத கூறு என்பதும் அவ்வாய்விற் புலனாயின. ஒருபோதும் பாசாங்கு செய்யாதவனின் பந்தயம் அவன் கையைத் திறந்துகாட்டிவிடும் என்பதே இதன் அடிப்படை. எந்த விதிநூலும் பாசாங்கு செய்யுமாறு கூறுவதில்லை; எனினும் விதிகளின் அமைப்பு அதனை வேண்டிநிற்கின்றது.

2015 இல் கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட இருவர் ஹோல்டெம் ஆட்டத்துக்கு நடைமுறையில் முழுமை எனத்தக்க தீர்வை வெளியிட்டனர். அக்கணினி நிரலுக்கு விதிகள் மட்டுமே வழங்கப்பட்டன. தன்னோடு தானே கோடிக்கணக்கான முறை ஆடி, தவறவிட்ட வாய்ப்புக்களைக் கணக்கிட்டு, பாசாங்கையும் அது தானாகவே கற்றுக்கொண்டது. ஆற்றுக்கப்பலிற் சிலர் வாழ்நாளெல்லாம் செலவிட்டுக் கற்றதை, வேறு சிலர் உடைமையெல்லாம் இழந்து கற்றதை, இழப்பதற்கு ஏதுமில்லாத இயந்திரம் கற்றது.

விதியும் சட்டமும்

ஆட்ட வகையின் பெயரே ஒருவரது செயல் குற்றமா அன்றா என்பதைத் தீர்மானித்த வரலாறு கலிபோர்ணியாவிற் காணப்படுகின்றது. அம்மாநிலத் தண்டனைச் சட்டம் 1885 இல் திருத்தப்பட்டபோது, தடைசெய்யப்பட்ட ஆட்டங்களின் பட்டியலில் ‘ஸ்ரட் ஹோர்ஸ் போக்கர்’ என்னும் பெயர் சேர்க்கப்பட்டது. பட்டியலில் மாற்றுச் சீட்டாட்டம் இடம்பெறவில்லை. 1911 இல் மாநிலச் சட்டமா அதிபரின் கருத்துரை மாற்றுச் சீட்டாட்டத்தைத் தடைக்குப் புறம்பானதாகக் கொண்டது. இதன் பயனாக, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரையடுத்த கார்டினாவின் சீட்டாட்ட மனைகளிற் பல பத்தாண்டுகளாக மாற்றுச் சீட்டாட்டமும் லோபோலுமே சட்டப்படி ஆடப்பட்டன. ஸ்ரட்டும் ஹோல்டெமும் அயல் மாநிலமான நெவாடாவிற் செழித்தன. 1990 இல் கலிபோர்ணிய மேன்முறையீட்டு நீதிமன்றம், பழைய சட்டம் குறித்த ஆட்டத்துள் ஹோல்டெம் அடங்காது என முடிவுசெய்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அப்பெயரால் மக்கள் எவ்வாட்டத்தைக் குறித்தனர் என்பதையே நீதிமன்றம் ஆராயவேண்டியதாயிற்று. எழுதா வழக்கிலிருந்து பெயரை மட்டும் எடுத்து, விதியை எழுதாது விட்ட சட்டம் இவ்விடர்ப்பாட்டுக்கு உள்ளானது.

இதே வினா தமிழகத்திலும் எழுந்தது. பணம் வைத்து இணையவழி ஆடப்படும் ரம்மி, போக்கர் முதலியவற்றைத் தடைசெய்த 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தை அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. பணமிழந்தோரின் தற்கொலைகள் பற்றிய செய்திகள் பொதுமக்களிடையே பெருங் கவலையை உண்டாக்கின. ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துருவின் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கையை அடுத்து 2022 இல் மாநில அரசு புதிய சட்டமொன்றை இயற்றியது. 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் அச்சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றபோதும், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை எனக் கொண்டு, அவற்றைத் தடைசெய்த பகுதியை நீக்கியது. 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா வாய்ப்பா என்ற வேறுபாட்டையே விடுத்து, பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது.

திறமை, வாய்ப்பு என்னும் இருமைக்குள் போக்கரை அடக்குதல் எளிதன்று என்பதை மேற்கூறிய வரலாறு உணர்த்தும். சீட்டு விழுவது வாய்ப்பு. அதனை ஆள்வது திறமை. இவ்விரண்டினதும் அளவை ஒவ்வொரு வகையின் விதியும் வெவ்வேறாக வகுத்துள்ளது. திறமை மிகுந்த ஆட்டம் என்பதால் அதில் இழப்போர் இல்லாமற் போவதுமில்லை. திறமை குறைந்தவனின் இழப்பு அங்கே மேலும் உறுதியாகின்றது. கிறீனின் நூல் வெளிவந்த காலத்தில் விதியறியாதவன் இழந்தான். இன்று விதிகள் யாவும் எவருக்கும் எட்டுவனவாயுள்ளன. எனினும் விதியை அறிந்தவனுக்கும் ஆட்டத்தை அறிந்தவனுக்கும் இடையிலான தொலைவு குறைந்துவிடவில்லை. போக்கர் வகைகளின் விதிகளைக் கற்பவர், சீட்டுக்களின் தரவரிசையோடு அத்தொலைவையும் ஒருங்கே கற்றல் வேண்டும் என்பதே இவ்விருநூற்றாண்டு வரலாறு தரும் பாடமாகும்.